உளி ஓயும் நாளில் ஒரு கிளாரினெட்

என் கணவரிடம் இரண்டு கிளாரினெட் சத்தங்கள் இருந்தன. கருவி ஒன்றுதான். ஒரு சத்தம் ஊருக்கு, இன்னொன்று வீட்டுக்கு.

ஊருக்கானது மெல்லிசைக் குழுவில் வாசிப்பது. பெயர்தான் மெல்லிசை. வாரம் முழுக்கக் கல்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் என்று திருவிழா மேடைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் ஏறுவார். பின்னால் டிரம்ஸ், பக்கத்தில் இரண்டு கீபோர்டு, முன்னால் ஆளுயர ஒலிபெருக்கிகள். அந்தக் களேபரத்தில் ஒரு மனுஷன் மரக்குழாயை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டுமென்றால் கழுத்து நரம்பு புடைக்க ஊதித்தான் ஆக வேண்டும். ஊதினார். கூரான, பளீரென்ற சத்தம். குழுவில் எல்லோருக்கும் அதுதான் அவர்.

வீட்டுக்கானது வேறு. சாயங்காலம் வந்து, காபி குடித்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கீழ் ஸ்தாயியில் ஊதுவார். பாட்டாகக்கூட இருக்காது. ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டுவார், பிறகு அடுத்ததற்கு இறங்குவார். காற்று எங்கே முடிகிறது, சத்தம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு மெல்ல. சமையலறையில் கடுகு வெடித்தால் காணாமல் போய்விடும். அதனால் அவர் வாசித்து முடிக்கும்வரை நான் தாளிப்பதில்லை. புருஷன் ஊதுகிறார் என்று குழம்பைக் காக்கவைத்த பெண்டாட்டி செங்கல்பட்டு ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அவர் மேல் இருந்த ஆசையைவிட அது ஒரு பிடி கூடவே என்று சண்டை நாட்களில் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

நான் சொல்வது சுனாமிக்கு முந்தைய வருடம். மாமல்லபுரத்தில், சிற்பப் பட்டறைகளுக்குப் பின்தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான் பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டு. அவர் திருநெல்வேலிக்காரர், அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து பேண்டு குழுவில் கிளாரினெட் கற்றுக்கொண்டவர். நாவலூரில் ஒரு கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை, பஸ்ஸில் நின்றே கிழவியாகிவிடுவேன் என்ற பயத்தில் அப்போதுதான் விட்டிருந்தேன். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, நிறைய நேரம் இருந்தது, அதைவிட நிறையக் கோபம் இருந்தது.

அந்தச் சமயத்தில் பழைய அலுவலக நண்பர் ஒருவர், வெளிநாட்டில் குடியேறிவிட்டவர், போன் செய்தார். கீபோர்டில் விசையை அழுத்தினால் நிஜ வாத்தியம் போலவே கேட்கிற மாதிரி ஓர் ஒலித்தொகுப்பு தயாரிக்கிறாராம். அதற்குக் கிளாரினெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சுரமும் மூன்று விதமாக: மெல்ல, நடுவாக, உரக்க. விசையை மெதுவாகத் தொட்டால் மெல்லிய பதிவு ஒலிக்கும், ஓங்கி அழுத்தினால் உரத்தது ஒலிக்கும்.

“உங்க வீட்டுக்காரர் ஊதட்டும். நீங்க பதிவு பண்ணி, வெட்டி ஒட்டி, சி.டி.யில போட்டு அனுப்புங்க. வருஷக் கடைசிக்குள்ள வந்தா போதும்” என்றார். ஒரு நல்ல மைக்கையும் அனுப்பிவைத்தார்.

படுக்கையறைதான் ஸ்டுடியோ. மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, கொடியில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, குண்டுச்சட்டியில் குதிரை ஓட்ட ஆரம்பித்தோம். வைகாசி வெயில். அவர் பனியனோடு வழிய வழிய உட்கார்ந்து ஊதுவார். நான் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் சண்டை குழைவு பற்றியது. ஒலித்தொகுப்புக்குச் சுரம் ஆணி அடித்தது போல நேராக நிற்க வேண்டும். இவருக்கோ இத்தனை வருடம் சினிமாப் பாட்டு வாசித்த பழக்கம். எந்தச் சுரத்தையும் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்துதான் தொடுவார், விடும்போதும் ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் விடுவார்.

“நேரா ஊதுங்க.”

“நேராத்தானட்டி ஊதுதேன்.”

“இது நேரா? திரையில பாருங்க, மலைப்பாதை மாதிரி போவுது.”

“அந்தப் பெட்டிக்கு என்னட்டி தெரியும், சங்கீதம்?”

பெட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப ஊதவைத்தேன். உரத்த ஒலிகளும் நடு ஒலிகளும் ஆனி முடிவதற்குள் ஒருவழியாக முடிந்தன. மெல்லியது மட்டும் பாக்கி நின்றது.

பாக்கி நின்றதற்குக் காரணம் உளி. எங்கள் பின்சுவரை ஒட்டியே ஒரு பட்டறை. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை டக், டக், டக். போதாக்குறைக்குக் கல் அறுக்கும் மெஷின். அவர் முழு மூச்சில் ஊதும்போது உளியாவது மண்ணாவது, ஒன்றும் தெரியாது. மெல்ல ஊதினால் உளிதான் முதலில் கேட்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உளி நிற்கும், ரேடியோ பாட ஆரம்பிக்கும். ராத்திரியில் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ராத்திரி ஊர் அடங்கியதும் கடல் எழுந்துகொள்ளும். பகலெல்லாம் கேட்காத அலை, கம்பளியையும் மெத்தையையும் தாண்டி எங்கள் கட்டில்வரைக்கும் வந்துவிடும்.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. “உரக்க ஊதினது இருக்குல்லா? அதையே கம்ப்யூட்டர்ல கொறைச்சுப் போட்டுரு. சாஃப்ட் ஆயிரும். எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

குறைத்துப் போட்டுப் பார்த்தேன். சத்தம் குறைந்தது. ஆனால் மெல்லியதாகவில்லை. கோபமாகக் கத்துகிற ஆளைத் தெருக்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் கொஞ்சுகிறவர் ஆகிவிடுவாரா? தூரத்தில் நின்று கத்துகிறவராகத்தான் இருப்பார். உரத்து ஊதும்போது அந்த மரத்துக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் கூர்மை எழும்பும். மெல்ல ஊதும்போது அது அடங்கி, வெறும் மரமும் காற்றும்தான் இருக்கும். இரண்டும் வேறு வேறு பொருள்.

“இது நீங்க இல்ல” என்றேன். “இது அந்த மேடைக்காரர். எனக்கு வீட்டுக்காரர் வேணும்.”

அவர் சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், சில நாட்களாகவே அப்படித்தான் சிரிக்கிறார் என்று. கையை விலக்கிப் பார்த்தேன். மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

கிளாரினெட்டுக்கும் பல்லுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. அதன் வாய்ப்பகுதியில் மேல் முன்பற்கள் அழுந்தி நிற்கும். கீழ் உதடு, அடியில் கட்டியிருக்கும் நாணல் தட்டையைத் தாங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சத்தமே உண்டாகிறது. பல் ஆடினால் சத்தமும் ஆடும். கேட்டால், வைகாசியிலிருந்தே ஆடுகிறதாம்; அந்தப் பல்லை வைத்துக்கொண்டு இவர் எனக்காக உரக்க ஊதியிருக்கிறார். வலியை வெளியே சொல்லவில்லை.

“இன்னா மனுஷன் நீங்க?” என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்குப் பிறந்த ஊர்த் தமிழ் வந்துவிடும். “வாய்க்குள்ள இவ்ளோ பெரிய கூத்து நடக்குது, சொல்லாம குந்திகினு கீறீங்களே!”

“பல்லு ஆடுது, அவ்வளவுதான? அது பாட்டுக்கு ஆடட்டும்.”

மறுநாளே திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல் டாக்டர் ஒரு பெண்மணி. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: இரண்டு பற்களையும் எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் பக்கத்துப் பற்களும் சேர்ந்து போகும்.

“எடுத்தப்புறம் கிளாரினெட் வாசிக்கலாமா?” என்று இவர் கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“கட்டுப்பல் வைக்கலாம். வாசிக்கவும் வாசிக்கலாம். பழைய மாதிரி வருமான்னு என்னால சொல்ல முடியாது சார்” என்றார் டாக்டர். பொய் சொல்லாததற்காக எனக்கு அவரைப் பிடித்தது. பொய் சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், “பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. சொல்லு போனா போட்டும்ட்டி. நான் என்ன பெரிய பேச்சாளனா? சாஃப்ட் போயிரும். அதுதாம் எனக்குக் கவலை” என்றார்.

எனக்கும் அதுதான். உரத்த சத்தத்தைப் பத்து ஊர் கேட்டிருக்கிறது. அந்த மெல்லிய சத்தத்தை என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை, எங்கும் பதிவானதும் இல்லை. பல்லை எடுப்பதற்குள் அதைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே வெறி பிடித்துவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது எங்கள் விஷயத்தில் அப்படியே பொருந்தியது.

பட்டறை முதலாளியிடம் போய் நின்றேன். ஒரே ஒரு நாள் உளியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா மேடம், விளையாடறியா? அய்யனார் செலைக்கு ஆர்டர் குட்த்தவன் வந்து குந்திகினு கீறான். உளிய நிறுத்துனா அவனுக்கு யாரு பதில் சொல்றது?”

“ஒரு நாள்தானே?”

“அமாவாசைக்குப் பட்டறை லீவு. ஒருத்தனும் உளியத் தொட மாட்டான். அன்னிக்கு அண்ணாத்தய இன்னா வேணா ஊதச் சொல்லு.”

கல்வேலைக்காரர்கள், தச்சர்கள், கொத்தனார்கள் எல்லோருக்கும் அமாவாசை விடுமுறை. எனக்குத் தெரியாததில்லை; நாவலூர் அலுவலகத்துக்கு அமாவாசை கிடையாது என்பதால் மறந்திருந்தேன். காலண்டரைப் பார்த்தேன். அடுத்த அமாவாசைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அது ஆடி அமாவாசை. நிறைந்த நாள், அன்றைக்கு ஆரம்பித்தால் எதுவும் நன்றாக வரும் என்றார் இவர். டாக்டருக்குப் போன் செய்து, ஆடி அமாவாசை கழிந்து வருகிறோம் என்றேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, மாத்திரையைச் சொல்லிவிட்டுச் சரி என்றார்.

நாங்கள் இருவரும் படித்தவர்கள். ஒருவர் அரசாங்க ஆபீஸில் கோப்பு பார்ப்பவர், இன்னொருத்தி கம்ப்யூட்டர்க்காரி. உளி ஓயும் நாளைக் கண்டுபிடித்த பெருமையில், ஆடி அமாவாசையன்று மாமல்லபுரம் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று விடியற்காலையில் இவர் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, “ஏட்டி, கடல் தெரியலை. தலையாத்தான் தெரியுது” என்றார். அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். மெத்தையை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். எங்கள் தெரு முனையில் நின்று ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடித்துத் தன் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றல். விளக்குக் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டும்போது எந்தப் புண்ணியவானோ அதன் வாயை எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிவிட்டிருந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உளி மட்டும் ஓய்ந்திருந்தது. அதை மட்டும்தான் நாங்கள் கேட்டிருந்தோம்.

உச்சிப் பொழுதில் பாட்டு கொஞ்சம் நின்றது. கோயில் பக்கம் கரண்டு போயிருக்கும், எங்கள் தெருவுக்கு மட்டும் இருந்தது என்பது அபூர்வம். “இப்ப ஊதுங்க, இப்ப!” என்று ஹெட்போனை மாட்டினேன். இவர் கருவியை வாயில் வைத்தார். அடுத்த வீட்டு மாடியில் படையல் சோற்றை வைத்துவிட்டு ஓர் அம்மாள் “கா... கா...” என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டு மாடியிலும் கூப்பிட்டார்கள். தெருவே கூப்பிட்டது. ஊரில் இருக்கிற காக்கைகள் எல்லாம் வந்து பதில் சொல்லின. பதிவு வேலையில் நான் காக்கைக்குச் சோறு வைக்காததால், எங்கள் வீட்டுப் பங்கைக் கேட்டு நான்கு காக்கைகள் ஜன்னல் மேல் சன்ஷேடில் வந்து உட்கார்ந்து கத்தின. எழுந்து போய் ஒரு பிடி வைத்தேன். இன்னும் பத்து வந்தன.

இவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததில் பல் இடித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் கேட்டுப் பார்த்தபோது அன்று பதிவானதில் இவர் எது, ஊர் எது என்று பிரிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் இடம் வேறு நெருக்கடி. “அழிச்சிரு” என்றார். அழித்தேன்.

அடுத்த அமாவாசைவரை பொறுக்கலாம் என்று இவர் ஆரம்பித்தார். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமாம். அன்று ராத்திரிச் சோற்றை மெல்ல முடியாமல் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“முடியாது” என்றேன்.

“ஒரு மாசம்தானட்டி. சாஃப்ட் உனக்கு வேண்டாமா?”

“வேணும். உங்களவிட அதுதான் வேணும்னு சண்டையில சொன்னது பொய். அது போனா போவுது. நாளைக்கிப் பல்ல எடுக்கறோம்.”

இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். போய்க் கட்டிலில் உட்கார்ந்து கிளாரினெட்டை எடுத்தார். ஒரே ஒரு சுரம், அடி ஸ்தாயியில். வெளியே ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாதிதான் கேட்டது. வலி தாங்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் இரண்டு பற்களும் போயின. டாக்டர் அவற்றை ஒரு பஞ்சில் வைத்துக் காட்டினார். எனக்கு அவற்றைப் பார்க்க வெறுப்பாக இருந்தது.

ஆவணி அமாவாசை வந்தது. அப்படி ஓர் அமைதியை அந்தத் தெருவில் நான் முன்பும் பின்பும் கண்டதில்லை. உளி இல்லை, ஹாரன் இல்லை, பாட்டு இல்லை. காக்கைகூடச் சீக்கிரமே தின்றுவிட்டுப் போய்விட்டது. இவர் ஆபீஸுக்குப் போயிருந்தார். விடுப்பு எடுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லையே. கருவி பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. நான் படுக்கையறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் திறந்துவைத்துச் சும்மா கேட்டேன். ஒன்றுமே இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்த ஒன்றுமின்மை, ஒரு மாதம் பிந்தி வந்து உட்கார்ந்திருந்தது. அன்று நன்றாக அழுதேன். அழுதுவிட்டுத் துணி துவைத்தேன்.

ஈறு ஆறியதும் கழற்றி மாட்டுகிற கட்டுப்பல் வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை கணக்கா இருக்கேன்லா?” என்றார். இருந்தார். ஆனால் கிளாரினெட்டை வாயில் வைத்துப் பல்லை அழுத்தியதும் கட்டுப்பல் நகர்ந்தது; சத்தத்துக்குப் பதில் ஒரு கீச்சு வந்தது. நான்கு நாள் முயன்று பார்த்தார். ஐந்தாம் நாள் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டார். மெல்லிசைக் குழுவில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலங்களில் டி.வி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எந்நேரமும் தாளிக்கலாம் என்றாகிவிட்டது. தாளிக்கவே பிடிக்கவில்லை.

நண்பர் மெயிலில் கேட்டார், மெல்லிய ஒலிகள் எங்கே என்று. வேறு ஆளை வைத்து ஊதவைக்கலாமா என்றும் கேட்டார். நான் கோபமாக ஒரு பதில் எழுதி, அதை அனுப்பாமல், வருஷக் கடைசிவரை பொறுக்கச் சொல்லி இன்னொன்று எழுதினேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ சத்தம், சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. கதவைத் திறந்தேன். திருடன் மாதிரி விழித்தார். கட்டுப்பல் மேசைமேல் கிடந்தது. கீழ் உதட்டை மடிப்பது போலவே மேல் உதட்டையும் உள்ளே மடித்து, பல்லே படாமல், இரண்டு உதடுகளுக்கும் நடுவில் கருவியைப் பிடித்திருந்தார்.

“ஸ்கூல் பேண்டுல ஒருத்தன் இப்பிடித்தாம் ஊதுவான். அவனுக்கும் பல்லு ஒடைஞ்சிருந்தது. இப்பத்தாம் ஞாபகம் வந்தது” என்றார்.

“சத்தம் வருதா?”

“உரக்க வராது. உதடு தாங்காது. இனிமே எந்தக் காலத்துலயும் மேடைக்கு ஆகாதுட்டி.” உதட்டைத் தடவிக்கொண்டார். “சாஃப்ட் வருமான்னு பாக்கேன்.”

அதிலிருந்து தினமும் பார்த்தார். மடித்த உதட்டுக்குள் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. என்ன ஊதுகிறார் என்று காதும் கொடுக்கவில்லை. பாதியில் கேட்டுவிட்டு ஏமாற விருப்பமில்லை. அவரும் என்னைக் கூப்பிடவில்லை. மெல்லிய சத்தம் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் கேட்டு, அது வந்துவிட்டது அல்லது போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் பயந்தார். நான் அதைவிடப் பயந்தேன்.

இதற்கிடையில் அமாவாசைகள் எங்களைப் படுத்திய பாடு தனி. புரட்டாசியில் மகாளய அமாவாசை. ஆடிக்கு வந்த அதே பஸ்கள், அதே ஹாரன்கள். ஐப்பசி அமாவாசை தீபாவளியை ஒட்டி வந்தது. வெடிக்கு நடுவில் யார் எதைப் பதிவு செய்வது? கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு, சன்ஷேடில் விழும் தண்ணீர் நாள் முழுக்கத் தாளம் போட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்கிற கதைதான். மிஞ்சியது மார்கழி. காலையில் திருப்பாவை போட்டு முடித்துவிட்டால் ஒலிபெருக்கிக்கு ஓய்வு. மழையும் விட்டிருந்தது.

இந்த முறை முன்னெச்சரிக்கையாகக் காக்கைக்கு முதல் ஆளாகச் சோறு வைத்தேன். தெருவில் எல்லோரும் படைத்து, காக்கைகள் தின்று, கலைந்து போகும்வரை காத்திருந்தோம். உச்சி தாண்டியதும் ஜன்னலைச் சாத்தினேன். மெத்தை, கம்பளி, ஹெட்போன். அவர் கட்டுப்பல்லைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“கீழ்ச் சுரத்துலேருந்து வாங்க” என்றேன்.

உதட்டை மடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஊதினார்.

முதலில் வெறும் காற்று. பிறகு அந்தக் காற்றுக்குள்ளேயே சத்தம் மெல்லத் திரண்டு வந்தது. ஒரு தயக்கம் இருந்தது. உதட்டோரத்தில் கொஞ்சம் காற்று கசிந்தது. உருண்டையாக, கீழ்க்குரலில், எங்கேயும் முனையே இல்லாமல் நீண்டு அடங்கியது. கீழேயிருந்து வழுக்கவில்லை, முடிவில் சுழிக்கவில்லை. ஆணி அடித்தது போல நேராக நின்றது. நான் கேட்டதிலேயே மெல்லியது அதுதான். ஆனால் என் வீட்டுச் சத்தம் இல்லை. அந்தப் பழைய சத்தத்துக்குள் ஒரு சின்ன மரத்துகள் உரசுகிற மாதிரி ஒன்று இருக்கும், அதைத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்து காத்திருந்து கேட்டிருந்தேன். அது பல்லோடு போய்விட்டிருந்தது. இனி திரும்பாது என்று அந்த நொடியில் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. உலகத்தில் அதைக் கேட்டவள் நான் ஒருத்தி, அவ்வளவுதான்.

அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். “என்னட்டி? அதுதானா?”

சத்தம் விஷயத்தில் எனக்குப் பொய் வராது. அதுவும் அவரிடம் வரவே வராது.

“இல்லீங்க. அது போயிடுச்சி.”

தலையை ஆட்டினார். எதிர்பார்த்ததுதான் என்பது போல ஆட்டினார், ஆனால் கருவி மடியில் சரிந்துவிட்டது.

“இது வேற யாரோ” என்றேன்.

“யாரு?”

“தெர்ல. கொஞ்சம் வயசான ஆளாட்டம் கீறாரு. கதவ மெதுவா தட்டிட்டு, தொந்தரவு பண்ணிட்டமோன்னு வாசல்லயே நின்னுகினு கீறாரு. எனக்கு அவர உள்ள கூப்ட்டு வூட்லயே வெச்சிக்கலாம்னு தோணுது.”

அவர், முன்பல் இரண்டும் இல்லாத அந்த வாயைப் பொத்திக்கொள்ளாமல், திறந்தே சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கிற உதட்டை மடிக்க முடியாது. அடுத்த சுரத்துக்கு வைத்த கருவியை மறுபடி இறக்கி, மறுபடி வைத்து, முடியாமல் தோற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெளியே உளி இல்லை, கடல் இல்லை. அரை வருஷமாக இந்த அமைதிக்காகத்தான் அலைந்தோம். அது வீணாகிக்கொண்டிருந்தது. நான் பதிவை நிறுத்தவில்லை.